வீட்டைக் காட்சிக்கு வைத்தல்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஸாரா கோஹன் 2019 ஆகஸ்டில், 96 வயதில் இறந்தார். அவர் துணியில் பூவேலை செய்து விற்ற கடை, வீட்டின் முன்னறைதான். குல்லாய், மேஜைவிரிப்பு, சபாத் ரொட்டியை மூடும் துணி. அவருக்குப்பின் கடையைக் காப்பாற்றியவர் தாஹா இப்ராஹிம். தெருவில் தபாலட்டை விற்ற பையனாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவர். யூதக் கிழவி, முஸ்லிம் பிள்ளை என்று பத்திரிகைகள் போதுமான அளவு நெகிழ்ந்தாயிற்று. எனக்கு அதில் சுவாரஸ்யமில்லை. தைத்த கை போனபின் எதைப் பாதுகாக்கிறோம் என்பதே என் கேள்வி.

அவ்வூர்க் கடவும்பாகம் ஜெபாலயத்தின் மர உட்புறத்தை 1990களில் எருசலேமுக்குக் கொண்டுபோய் இஸ்ரேல் மியூசியத்தில் பொருத்தினார்கள். மட்டாஞ்சேரியில் மிஞ்சிய கூட்டில் ஒரு பகுதி 2019இல் சரிந்தது. சேந்தமங்கலத்தில் ஜெபாலயம் நின்ற இடத்திலேயே செப்பனிடப்பட்டு மியூசியமாயிற்று. வேலைப்பாட்டில் குறையில்லை. ஆனால் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தப் பத்துப் பேர் 1948க்குப்பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். எங்கள் வங்கியில் இரண்டு வருஷம் வரவுசெலவு இல்லாத கணக்கைத் தனியே பிரித்துவைப்போம். பணம் பத்திரமாகத்தான் இருக்கும். ஸாராவின் முன்னறைக்கு மட்டும் ஒரு சலுகை: கடை என்பதால் உள்ளே வருகிறவன் பார்த்துவிட்டு மட்டும் போகவேண்டியதில்லை.

புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஆகவே கடலூரில் அவருக்கொரு நினைவில்லம் வேண்டும் என்பார் உண்டு. தகப்பனார் ரெவின்யூ உத்தியோகஸ்தர். மாற்றல் உத்தரவு அனுப்பிய இடத்தில் குடும்பம். எழுத்தில் உள்ள ஊர்களோ திருநெல்வேலியும் சென்னையும். பிரசவ அறையைத் தேடுவது முனிசிபல் பதிவேட்டின் வேலை, இலக்கியத்தின் வேலையல்ல.

வடலூர் தருமசாலையில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவனுக்கு அது புராதனச் சின்னமல்ல, சோறு.

மௌனி விஷயம் இன்னும் சிக்கல். சிதம்பரத்தில் பல்லாண்டு வாழ்ந்து 1985இல் இறந்தவர். அவர் கதைகளில் வீடுகள் உண்டு. ஆனால் நாற்காலி எந்த மூலையில் கிடந்தது என்று வாசகன் சொல்லமுடியாது, வெளிச்சம் மங்கியது மட்டும் ஞாபகமிருக்கும். அப்படிப்பட்டவரின் மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து என்ன காட்டப்போகிறோம்? மொத்தம் 24 கதைகள். சிதம்பரத்தில் யார் வீட்டுத் திண்ணையிலாவது மாதம் ஒன்றாக உரக்க வாசித்தால் இரண்டு வருஷம் ஓடும். பத்துப் பேர் வருவார்களா என்பதுதான் சந்தேகம்.