கல் தளமும் பாசியும்: கார்ச்சர் கே 2 பிரஷர் வாஷர்

தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் புழக்கடைத் தளம் பெரும்பாலும் கல் தளம்தான். இந்த வட்டாரம் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போனது. பாலிஷ் போடாத கல் பலகைகள் எளிதில் கிடைப்பதால் கேழ்வரகு காயவைக்கவும் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் அதையே பதிக்கிறார்கள். பெங்களூருக்காரர்கள் கட்டும் பண்ணை வீடுகளில் மரப்பலகை பாவிய ‘டெக்’ தளங்களையும் இப்போது பார்க்கலாம். தளம் எதுவானாலும் பகை ஒன்றே: பாசி. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள இந்த மேட்டு நிலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து நவம்பர் வரை நிழல் விழும் மூலைகளில் ஈரம் முழுதாகக் காய்வது அரிது. அங்கே படரும் பச்சை வழுக்கலில் கால் சறுக்கி வயதானவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது உண்டு. எனவே தளத்தைத் தேய்ப்பதை அழகு வேலையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது.

இந்த வேலைக்கு உதவும் பிரஷர் வாஷரைச் செய்யும் கார்ச்சர் ஜெர்மானிய நிறுவனம். 1935இல் ஆல்ஃபிரட் கார்ச்சர் தொடங்கியது. 1950இல் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவும் கருவியைச் செய்தது. அதன் வீட்டு உபயோக வரிசையில் சிறியவற்றுள் ஒன்று கே 2: 1400 வாட் மோட்டார், அதிகபட்சம் 110 பார் அழுத்தம், மணிக்கு 360 லிட்டர் நீர். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நான்கு மீட்டர் இறங்கிவரும் குழாய்நீருக்கு 0.4 பார் அழுத்தமே இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரம் இந்த எண்களிலேயே தெரிகிறது.

முதல் சோதனையைத் தண்ணீர்க் குழாயில்தான் செய்ய வேண்டும். கருவி நிமிடத்துக்கு ஆறு லிட்டர் இழுக்கும். கொஞ்சம் மிகுதி வேண்டும் என்பதால், பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். ஆறு லிட்டருக்கும் குறைவாக வந்தால் பம்பு காற்றை இழுத்து இரைந்து, நாளடைவில் பழுதாகும். போர்வெல் நீரில் மணல் வரும் வீடுகளில் நுழைவாயில் வடிகட்டி இல்லாமல் ஓட்டவே கூடாது.

நீர்க் கணக்கு கருவிக்குச் சாதகமானது. மணிக்கு 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி என்பது தயாரிப்பாளர் சொல்லும் வேகம். 600 சதுர அடித் தளத்துக்கு மூன்று மணிக்குச் சற்றுக் குறைவான நேரமும் ஆயிரம் லிட்டர் நீரும் தேவை. வெறும் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தால் தேய்த்தால் அதைவிடக் கூடுதலாகவே ஓடும். ஆனாலும் ஆயிரம் லிட்டர் சின்ன அளவு அல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இந்த மாவட்டத்துக்கு 2013 முதல் ஒகேனக்கல் திட்டத்தின் வழியே வரும் குடிநீரைத் தளம் கழுவச் செலவிடுவது தகாது. வடிகட்டியுடன் கூடிய உறிஞ்சு குழாயைத் தனியாக வாங்கினால் மழைநீர்த் தொட்டியிலிருந்தே கருவி இழுத்துக்கொள்ளும்.

கருவியோடு வருபவை இரண்டு முனைகள். ஒன்று விசிறிபோல் நீரை விரிக்கும். சில பதிப்புகளில் அதைத் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மற்றொன்று ஊசித் தாரையைச் சுழற்றி அடிக்கும். கொத்துவேலைப்பாடுள்ள சொரசொரப்பான கல்லில் சுழல்முனையின் வேலை மெச்சத்தக்கது. உளித்தடங்களின் குழிகளுக்குள் புகுந்து, துடைப்பத்துக்கு எட்டாத பாசியை வேரோடு எடுத்துவிடுகிறது. கல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை. பிடிவாதமான வெள்ளைக் கல்பாசிக்கு மட்டும் முந்தைய நாளே நனைத்து ஊறவிடுவது நல்லது.

சிக்கல் கல்லில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. சிமெண்ட் பூச்சு தாங்கும். சுண்ணாம்புக் காரையோ மண்ணோ வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் இதே முனை இணைப்பைக் குடைந்து வெளியே தள்ளிவிடும். பேவர் பிளாக் இடுக்குகளில் நிரப்பிய மணலும் பறந்துபோகும்; தளம் காய்ந்தபின் எம்-சாண்ட் தூவிப் பெருக்கி நிரப்ப வேண்டியிருக்கும். மொட்டை மாடித் தட்டோடு, காவித் தரை, நாட்டு ஓடு ஆகியவற்றின் பக்கம் இந்தக் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மரத் தளத்தில் கை இன்னும் நிதானமாக வேண்டும். சுழல்முனையைத் தொடக் கூடாது. விசிறிமுனையைக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, ஓர் அடி தள்ளி நின்று, நார் ஓடும் திசையிலேயே நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் பஞ்சாகச் சிலிர்த்துக்கொள்ளும். அந்தத் தடம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தாலொழிய போகாது. தேக்கு ஓரளவு தாங்கும், மென்மரம் தாங்காது. கழுவியபின் இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு ஆளிவிதை எண்ணெயோ தேக்கு எண்ணெயோ பூசலாம். பலகையின் அடிப்பக்கத்துக்கு, கரையான் அண்டாதிருக்க நம் ஊர்களில் வழிவழியாகப் பூசிவரும் முந்திரிக்கொட்டை எண்ணெயே போதும்.

கல்லில் ஆசிட் ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். கிரானைட்டில் உள்ள இரும்புத் தாதுக்கள் ஆசிட் பட்டால் துருவேறி, கல் மஞ்சளாகக் கறைபடும். சிமெண்ட் இணைப்பும் அரிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் பாசியைக் கொல்லும். ஆனால் அதையும் ஆசிட்டையும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர்ப்புறம் இது என்பதால் கரைசல் மல்பெரித் தோட்டத்துக்கு ஓடாமல் வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும் புழு மனையைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யும் இந்த விவசாயிகளுக்குக் கருவி இரட்டைப் பயன் தரும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் தீராது. 1400 வாட் என்பது ஆறு ஆம்பியருக்குச் சற்று மேல். பதினாறு ஆம்பியர் பிளக்கும், எர்த்தும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முயலக் கூடாது. மோட்டார் காற்றால் குளிர்வது. நாள் முழுக்க ஓடும் வாகனக் கழுவுமிடத்துக்கு இது ஏற்றதல்ல. அரை மணிக்கொரு முறை ஓய்வு கொடுப்பது நல்லது. தாரை தோலைத் துளைக்கும் வலிமை உடையது. கம்பூட்ஸ் வேண்டும், குழந்தைகளும் நாயும் அருகில் இருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் குழாயை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, துப்பாக்கி விசையை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். உப்பு மிகுந்த போர்வெல் நீரில் ஓட்டிய கருவியை மழைநீரால் ஒருமுறை அலசி, முனையில் படிந்த வெள்ளைப் படிவை ஊசியால் குத்தி நீக்கி, எலி ஹோஸைக் கடிக்காத இடத்தில் தொங்கவிட வேண்டும்.