நெசவா, கோவையா? எல் அனாட்சுயியின் உலோகத் துணிகள்

கானாவில் 1944-இல் பிறந்த எல் அனாட்சுயி, 1975 முதல் நைஜீரியாவின் என்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் சிற்பக்கலை பயிற்றுவித்தவர். எறியப்பட்ட மதுப்புட்டிகளின் மூடிகளையும் கழுத்துத் தகடுகளையும் தட்டி, மடித்து, துளையிட்டு, செப்புக் கம்பியால் பிணைத்து அவர் ஆக்கும் பெருவிரிப்புகள் உலகப் புகழ் பெற்றவை. 2015-இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை வழங்கியது. இவ்வாக்கங்களை 'உலோக நெசவு' எனப் பாராட்டும் போக்கு திறனாய்வில் காணப்படுகிறது. அச்சொல் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே நம் வினா.

நெசவுக்கு ஓர் இலக்கணம் உண்டு. இழுத்துக் கட்டிய பாவு நூல்களின் ஊடே, ஊடை நூல் மேலும் கீழுமாகச் சென்று வரவேண்டும். அனாட்சுயியின் ஆக்கத்தில் தறி இல்லை. பாவும் ஊடையும் இல்லை. ஒவ்வொரு தகடும் அண்டைத் தகட்டோடு தனித்தனியே கம்பியால் பிணைக்கப்படுகிறது. தமிழில் நாம் பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், ஓலையை முடைகிறோம், துணியை நெய்கிறோம். இவ்வினைகளுள் அவர் பணிக்கு நெருங்கியது கோத்தலே.

ஆயினும், 'துணி' என்னும் எண்ணத்தைத் தள்ளிவிட இயலாது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள படைப்புகள் இரண்டுக்கு 'ஆணின் துணி', 'பெண்ணின் துணி' என்பனவே பெயர்கள். கலைஞரின் குடும்பத்தாரும் கெண்டே துணி நெய்தவர்கள். கெண்டே, குறுகிய பட்டைகளாக நெய்யப்பட்டுப் பின்னர் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கப்படுவது. அனாட்சுயியின் உதவியாளர்களும் முதலில் சிறு பகுதிகளை ஆக்குகின்றனர். அவற்றை அவர் தரையில் பரப்பி, இடம் மாற்றி, இணைத்து முழுமையாக்குகிறார். ஆகவே, கெண்டேயுடன் உள்ள உறவு நெய்தலில் இல்லை, இணைத்தலில் உள்ளது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுவந்த மது, அடிமை வணிகத்தில் பண்டமாற்றுப் பொருளாகப் பயன்பட்டது. புட்டி மூடி அவ்வரலாற்றை நினைவூட்டும் சான்று. 'நெசவு' என்றதும் மரபும் அழகும் முன்னிற்கின்றன. மூடி வெறும் வண்ணப்புள்ளியாகிறது. 'கோவை' எனும்போதோ ஒவ்வொரு மூடியும், அதைப் பிணைத்த கையும் கணக்கில் வருகின்றன.

இக்குறைக்குத் திறனாய்வாளர் மட்டும் பொறுப்பல்லர். 2023-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் மண்டபத்தில் தொங்கிய படைப்புகளைப் போன்று அளவு பெருகப் பெருக, தொலைவிலிருந்து மினுக்கமே கண்ணை ஆட்கொள்கிறது. மூடியில் பொறித்த மதுப்பெயரைப் படிக்க அருகே செல்லவேண்டியுள்ளது. அவ்வகையில் 'ஆணின் துணி' போன்ற தொடக்ககாலப் படைப்புகளே பொருளையும் உருவையும் ஒருங்கே காட்டுகின்றன என்பது நம் கருத்து.

கதையையும் கவிதையையும் 'நெய்யப்பட்டது' என எளிதில் எழுதிவிடும் நம் திறனாய்வு மொழிக்கும் இது பொருந்தும். ஒரு படைப்பு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிந்த பின்னரே அதற்குரிய வினைச்சொல்லைத் தேர்தல் தகும்.