பொந்தியானாக்: தொலைந்த படமும் எஞ்சிய படமும்

பேய்ப்படங்களை ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கருதுவோர் தமிழரிடையே மிகச் சிலரே. சிறுவரை அச்சுறுத்தவும் கொட்டகைக்காரரின் பெட்டியை நிரப்பவும் எடுக்கப்படுபவை அவை என்னும் எண்ணம் ஆழ வேரூன்றிவிட்டது. ஆயினும் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிங்கப்பூர்க் கேத்தே அரங்கில் வெளிவந்து ஏறத்தாழ மூன்று மாதம் ஓடிய 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை அவ்வாறு ஒதுக்கிவிடுதல் தகாது. தமிழர்க்கு அதில் ஒரு தனி உறவும் உண்டு.

கேத்தே-கெரிஸ் நிறுவனம் சிறு முதலில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் அது. இயக்கியவர் பி. என். ராவ். மலாய்ப் படவுலகிற்கு வருமுன் 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941), 'தாசி அபரஞ்சி' (1944) முதலிய தமிழ்ப் படங்களை இயக்கியவர். சாபமும் வரமும் மாயமும் அவருக்குப் பழகிய சரக்கு.

மலாய் மக்களின் நம்பிக்கைப்படி, மகப்பேற்றில் உயிர் நீத்த பெண்ணே பொந்தியானாக் ஆகிறாள். பழையனூர் நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இப்பேய் அயலன்று. படமோ அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதன் நாயகி சோமெல் கூன் விழுந்த அழகற்ற பெண். 'சோமெல்' என்றால் மலாயில் அழகுடையவள் என்று பொருள்; பெயரிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. தன்னை வளர்த்த கிழவரின் மந்திர நூலைக் கற்று அவள் பேரழகியாகிறாள். மனித இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. மணம் நடக்கிறது, குழந்தை பிறக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்ட, அவன் உயிரைக் காக்க வாய்வைத்து நஞ்சை உறிஞ்சுகிறாள். பேயாகிறாள்.

இங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. அதே காலத்தில் பி. ரம்லி எடுத்த 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' படத்திலும் ஒரு கூனன் மாயத்தால் அழகு பெற்று, நிபந்தனை தவறி வீழ்கிறான். அவன் வீழ்வது செருக்கால். சோமெல் வீழ்வது அன்பால். சூனியத்தைத் தீதென்று சாடும் கதையன்று இது. கணவனைச் சாகவிட்டிருந்தால் அவள் அழகியாகவே வாழ்ந்திருப்பாள்!

அக்கால மலாய்ப் படங்களை இயக்கிய இந்தியர்மீது, தம் நாட்டுப் படக்கதைகளுக்கு மலாய் உடை உடுத்தினர் என்றொரு குறை உண்டு. பல படங்களைப் பொறுத்தவரை அது நியாயமான குறையே. பொந்தியானாக்கில் மட்டும் அந்தப் பழக்கமே கைகொடுத்தது. 'இதைச் செய்யாதே' என்று தொடங்கி, செய்தே தீரவேண்டிய இக்கட்டில் கொண்டு நிறுத்துவது நம் கதைமரபின் பழைய உத்தி. கதாநாயகியாக நடித்த மரியா மெனாடோவின் புகழ் இப்படத்தால் உச்சிக்கு ஏறியது. சாத்தே விற்பவராக வந்து சிரிக்கவைத்த நடிகருக்கோ வாஹிட் சாத்தே என்ற பெயரே நிலைத்துவிட்டது. பேய்க்கதைக்கு நடுவே சிரிப்புப் பகுதி வைப்பதும் சென்னை ஸ்டூடியோக்களின் வழக்கந்தான்.

இவ்வளவும் கதைச்சுருக்கங்களையும் கண்டோர் சொல்லையும் கொண்டே சொல்ல முடிகிறது. படம் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக், கேத்தே-கெரிஸை விட்டு நீங்கி, அறுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோவை அமைத்தார். முதற்படத்தின் சுருள்களையும் அதே ஆண்டில் வந்த 'டெண்டாம் பொந்தியானாக்' சுருள்களையும் அவர் ஓர் ஈயக்குட்டையில் எறிந்துவிட்டார் என்று கூறுவர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அப்பேயின் பெயரைக் கேட்டு நடுங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சுருளும் இல்லை.

எஞ்சியது மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' (1958). ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைச் சீர்செய்திருக்கிறது. கேத்தே-கெரிஸின் மலாய்ப் படத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அகலத்திரையில் எடுத்த இப்படத்தில் பூதங்கள் மிகுதி, சண்டை மிகுதி, அச்சம் குறைவு. முகமூடிகள் சில இடங்களில் சிரிப்பையே மூட்டுகின்றன. எனினும் இங்கும் சோமெல் போராடுவது தன் மகளைக் காக்கவே. ஊரார் அஞ்சி ஓடும் உருவத்தோடு அவள் தாயாகவே நடந்துகொள்கிறாள். முதற்படம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதற்கு இக்காட்சிகளே சான்று.