கதவுக்கு இந்தப் பக்கம்

ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீடு. செகண்ட் ஷிப்டு முடித்து வந்த நாலு பெண்கள், கூட நான். குடத்தின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் 'ஓர் இரவு' ஓடி முடிந்தபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கேட்டாள்: "ஏக்கா, இந்தச் சேதி அந்தப் பையன் வூட்டுக்கு எப்படிப் போயிருக்கும்? யாரு போய்ச் சொல்லியிருப்பாங்க?"

இந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் நடிப்பு இருந்தது, ஒளிப்பதிவு இருந்தது, 'உறைய வைக்கிறது' என்ற சொல் திரும்பத் திரும்ப இருந்தது. அவள் கேட்ட கேள்வி எதிலும் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2020 டிசம்பர் 18 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் நாலு கதைகள். சுதா கொங்கரா, விக்னேஷ் சிவன், கௌதம் வாசுதேவ் மேனன், வெற்றிமாறன் ஆளுக்கு ஒன்று. குடும்ப மானம் என்று ஒன்றைச் சொல்லி மனுசங்களை, முக்கியமாகப் பொம்பளைங்களை, என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதுதான் நாலுக்கும் பொதுச்சரடு. கடைசிக் கதை வெற்றிமாறனுடைய 'ஓர் இரவு'. மற்ற மூன்றும் மறந்துபோனவர்களுக்கும் இது மறக்காது.

கதை சின்னது. சுமதி (சாய் பல்லவி) வீட்டை மீறித் தலித்தான ஹரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெங்களூரில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. பேச்சுவார்த்தை இல்லாதிருந்த அப்பா ஜானகிராமன் (பிரகாஷ்ராஜ்) தேடி வருகிறார். வளைகாப்பை நம்ம வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். மகள் நம்பிப் போகிறாள். அந்த ராத்திரியில் அவள் குடிக்கிற தண்ணீரில் விஷம். ரத்த வாந்தி எடுக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கப்பா என்று கெஞ்சுகிறாள். கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் சாகிறாள், வெளியே அம்மா அழுகிறாள்.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் சினிமா சாதிக்கொலையைக் காட்டினால் பெரும்பாலும் முறுக்கு மீசை, அரிவாள், சுமோவில் வருகிற ஆள்படை. பார்க்கிறவன் 'நாம அப்படிப்பட்ட ஆள் இல்லப்பா' என்று வீட்டுக்குப் போய்விடலாம். வெற்றிமாறன் அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை. இங்கே கொலைகாரன் மெதுவாகப் பேசுகிற அப்பன். ஆயுதம் பாசம். நீ ஓடிப்போனதால் கூடப்பிறந்தவர்களின் வாழ்க்கை என்னாவது, சாதிசனம் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவர் சொல்கிற காரணங்கள் ஒவ்வொன்றும் நாம் பஸ்சிலும் டீக்கடையிலும் தினம் கேட்கிறவைதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அந்தத் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சாதி காலகாலமாகத் தண்ணீர் வழியாகத்தான் பேசிவந்திருக்கிறது. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்ததற்கே அவ்வளவு கலவரம். நமக்குத் தண்ணி ஊற்ற யோசித்த அதே கை, சாதியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பெத்த பிள்ளைக்கு ஊற்றுகிற தண்ணியையும் விஷமாக்கும். தீண்டாமையும் பெண்ணடிமையும் ஒரே பானையில் இருக்கிற தண்ணி என்பதை இந்தக் காட்சி எந்த மேடைப்பேச்சையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம். ஒரு குழு சொந்தக் குழுவுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்ய வேண்டும் என்றால் பெண்ணைக் காவலில் வைத்தாக வேண்டும். சதியும் விதவைக்கோலமும் சிறுவயதுக் கல்யாணமும் அதற்கு வந்த வழிகள் என்றார். ஜானகிராமன் அந்தக் கட்டுரையின் உரைநடை விளக்கம். அவருக்கு மகள்மேல் வெறுப்பு இல்லை. அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைதான் பிரச்சினை. அந்தப் பிள்ளை பிறந்தால் சாதி என்கிற வேலி ஒரு இடத்தில் உடைந்துபோனதற்குச் சாட்சி வளர்ந்துகொண்டிருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்கிறேன். இந்தத் தலைப்பை ஆங்கில எழுத்தில் போடும்போது ஓகாரத்துக்கு இரண்டு 'ஓ' போட்டிருக்கிறார்கள். சட்டென்று படித்தால் 'ஊர் இரவு' என்று வருகிறது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, பொருத்தமான பெயர் அதுதான். இது ஊரின் இரவு. சேரியின் இரவு இதில் இல்லை. சாகிறவளின் வலியும் கொல்கிறவனின் தவிப்பும் அழுகிற தாயின் கையாலாகாத்தனமும் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. யாருடைய சாதியைக் காரணம் காட்டி இந்தக் கொலை நடக்கிறதோ அவன் கதையின் காரணம் மட்டும்தான், அதன் துக்கம் அவனுடையது அல்ல. அவன் பொண்டாட்டி, அவன் பிள்ளை. ஆனால் கேமரா கதவுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது வெறும் சினிமாக் குறை இல்லை. இங்கே பெங்களூர் என்பது ஒரு நம்பிக்கை. அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் கர்நாடகா, அங்கே யாருக்கும் நம்ம தெரு தெரியாது என்று எத்தனை ஜோடிகள் பஸ் ஏறியிருக்கிறார்கள்! கம்பெனி வந்தால் சாதி போய்விடும் என்று மேடையில் பேசுகிறார்கள். ஒரே கம்பெனி பஸ்சில் வருகிறோம், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறோம், உண்மைதான். சாயங்காலம் பஸ் எங்களை இறக்கிவிடுகிற இடம் ஊரும் சேரியும் வேறு வேறாகவே இருக்கிற கிராமம்.

2018 நவம்பரில் ஓசூரை அடுத்த சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த ஒரு இளம் ஜோடி அந்த எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டது. பையன் தலித். பெண் ஆதிக்க சாதி. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மண்டியா மாவட்டம் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் இரண்டு உடல்களும் கிடைத்தன. கைதானவர்களில் பெண்ணின் அப்பாவும் உண்டு. அந்தப் பையன் போட்டிருந்த பனியன் சட்டையில் அம்பேத்கர் படமும் ஊர்ப்பெயரும் இருந்தன. ஆற்றிலிருந்து எடுத்தவர்களுக்கு அவன் யார் என்று சொன்னது அந்தச் சட்டை.

என் கூட உட்கார்ந்திருந்தவள் கேட்டாளே, சேதி எப்படிப் போயிருக்கும் என்று. இப்படித்தான் போகிறது. அப்பனின் முகத்தை நமக்கு அரைமணி நேரத்துக்குமேல் காட்டுகிறார்கள். கொல்லப்பட்ட பையனுக்கு முகமே மிஞ்சுவதில்லை, சட்டையில் இருந்த பாபாசாகேப் முகம்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த இரவை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை பக்கம் அருணபதி கிராமத்தில், தலித் பெண்ணைக் கட்டிய மகன் சித்திரை வருசப் பிறப்புக்குப் பாட்டி வீட்டுக்கு மனைவியோடு வந்தான். பெற்ற அப்பனே அங்கே போய் மகனை வெட்டினான். தடுத்த கிழவியையும், தன்னைப் பெற்ற தாயையே, வெட்டிக் கொன்றான். மருமகள் படுகாயத்தோடு தப்பினாள். வெற்றிமாறன் படத்தில் அம்மா வெளியே அழுகிறாள், அதற்கு மேல் அவளால் ஆகவில்லை. அருணபதிக் கிழவி அழுதுகொண்டு நிற்கவில்லை. அவளும் ஆதிக்க சாதி வீட்டுப் பொம்பளைதான். குறுக்கே வந்தாள், செத்தாள். அப்படி ஒரு கிழவியும் நிசத்தில் உண்டு என்பதைக் கலைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாக்கள் கையாலாகாதவர்கள் என்றே காட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒருவகையில் சாதிக்குச் செய்கிற உதவிதான்.

அப்பன்களின் தவிப்பைப் பார்த்து நாம் ஏன் எரிச்சல்படுகிறோம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், கௌசல்யா தன் அப்பாவுக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் அவருக்குத் தூக்கு கொடுத்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இந்தப் படம் வந்தது அதற்கு ஆறே மாதத்தில். அப்பாக்களைப் புரிந்துகொள்ளும் வேலை நம் சமூகத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது. புரிந்துகொள்ளப்படாமல் கிடக்கிறவன் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன்.

அதற்காக இந்தப் படத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஊர் தன் வீட்டுக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்ட அபூர்வமான படம் இது. அதை ஊர்தான் செய்ய வேண்டும், செய்திருக்கிறது. மிச்சப் பாதி நம்முடையது. அதை நாம்தான் எழுத வேண்டும், எடுக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நாலு பேரில் இன்னொருத்தி, கடைசிவரை வாயே திறக்காதவள், நம்ம பையனைக் கட்டிக்கொண்டு வந்த வேற சாதிப் பெண். மற்றவர்கள் படுத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கப்பா போன் பண்ணாருக்கா. ஊர்ல திருவிழாவாம். பழசெல்லாம் மறந்துட்டேன், நீ மட்டும் வந்துட்டுப் போம்மான்னாரு. அழுதாருக்கா."

நான் என்ன சொல்ல? அவர் நிசமாகவே ஏங்கிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அப்பன் அழுதால் சந்தோசப்படாமல் பயப்பட வேண்டியிருக்கிறதே, சாதி நம் பிள்ளைகளுக்குச் செய்துவைத்திருக்கிற கேடு இதைவிட வேறு என்ன?

தனியாகப் போகாதே என்றேன். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் எல்லாம் வைக்கச் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவருக்குத் தெரியாம நான் எதுவும் முடிவு பண்ணல. காலையில அவரையும் மாமியாரையும் கூட்டிக்கிட்டு வரேன், எல்லாரும் உட்கார்ந்து பேசலாம்" என்றாள்.

சுமதிக்கு அந்தப் பேச்சு கிடைக்கவில்லை. இவளுக்காவது கிடைக்கட்டும்.