நடைப்பிணக் கதைகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் – ஒரு நோக்கு

வெகுசனக் கலைவடிவம் ஒன்று பரவுவதற்கும் மங்குவதற்குமான காரணத்தை வினவும்போது, மக்களின் இரசனை மாறிவிட்டது என்று கூறி அமைவது எளிது. ஆயின், இரசனை ஏன் மாறியது என்ற வினா அப்பொழுதும் விடையின்றியே எஞ்சும். ஒரு கதைவடிவம் எத்தகைய சமூக உறவுகளினின்று பிறந்தது, எவருடைய அச்சத்தை அது பேசிற்று, அதனைக் கையேற்றோர் யாவர், கைமாறியபோது அதனுள் இழக்கப்பட்டது எது என்பனவற்றை ஆராய்ந்தாலன்றி அதன் வளர்ச்சியையோ தேய்வையோ விளங்கிக்கொள்ளல் இயலாது. 1932 முதல் அமெரிக்கத் திரைப்படத்திலும், பின்னர் கணினி விளையாட்டிலும் தொலைக்காட்சியிலும் உலவிவந்த 'ஸொம்பி' என்னும் உருவம் இத்தகைய ஆய்வுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இறந்தபின் எழுப்பப்பட்ட, தன்னறிவும் தன்விருப்பும் அற்ற உடலே ஸொம்பி. தமிழ் மரபில் வரும் பேயும் பூதமும் வேதாளமும் இதனின்றும் வேறுபட்டவை. அவற்றுக்குத் தமக்கென விருப்பும் சினமும் உண்டு. வேதாளம் கதை சொல்லும், விடை கேட்கும். ஸொம்பிக்கு மிக அண்மித்த தமிழ்ச் சொல் 'நடைப்பிணம்' என்பதே. இச்சொல் பேய்க்கதைகளில் வழங்குவதினும், உயிர் இருந்தும் வாழ்வு பறிக்கப்பட்டோரைக் குறிக்கவே பெரிதும் வழங்குகின்றது. ஸொம்பியின் மூலக் கருத்தும் அதுவேயாதல் மனங்கொள்ளத்தக்கது.

1. பெருந்தோட்டமும் நடைப்பிணமும்

ஸொம்பியின் பிறப்பிடம் கரிபியன் கடலிலுள்ள ஹெயிற்றி. பிரான்சின் குடியேற்ற நாடாக 'சென்-டொமிங்' என வழங்கிய காலத்தில், அங்கு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் சந்ததியினருமாக ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள் கரும்பு, கோப்பித் தோட்டங்களிலே உழைத்தனர். 1791 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1804 சனவரி 1 இல் ஹெயிற்றி சுதந்திர நாடாயிற்று. அடிமைகள் தாமே போராடி அமைத்த அரசு அது.

இம்மக்களின் நம்பிக்கையில் இறப்பென்பது ஒருவகை விடுதலை. இறந்தவரின் ஆன்மா கடல் கடந்து மூதாதையரின் ஆபிரிக்க மண்ணுக்குத் திரும்பும் என அவர்கள் நம்பினர். இந்த இறுதி விடுதலையும் மறுக்கப்பட்டவனே ஸொம்பி. மந்திரவாதி ஒருவன் அவனைப் புதைகுழியினின்றும் எழுப்பித் தன் வயலிலே ஓயாது வேலை வாங்குகிறான். எனவே ஹெயிற்றியின் கிராமத்தவர் ஸொம்பி தம்மைத் தாக்குமென அஞ்சியதிலும், தாமே ஸொம்பியாக ஆக்கப்படுவோமென்றே அஞ்சினர். இவ்வச்சத்தில் மூவர் உளர்: உழைப்பவன், உழைப்பிப்பவன், இவ்விருவருக்கும் இடையேயுள்ள வயல். இம்மூவருள் எவரை நீக்கினும் கதை வேறொன்றாகிவிடும்.

இக்கதை அமெரிக்க வாசகரைச் சென்றடைந்த சூழலும் கவனிக்கத்தக்கது. 1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்கப் படைகள் ஹெயிற்றியை ஆக்கிரமித்திருந்தன. வீதி அமைப்பதற்கென விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு இழுக்கும் முறையும் அக்காலத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இவ்வாக்கிரமிப்புக் காலத்தில், 1929 இல், வில்லியம் சீபுறூக் எழுதிய 'த மஜிக் ஐலண்ட்' என்ற பயணநூல் வெளிவந்தது. ஸொம்பிகள் அமெரிக்க மூலதனம் சார்ந்த சீனிக் கம்பனி ஒன்றின் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ததாகவும், அவர்களுக்குரிய கூலியை அவர்களைக் கூட்டிவந்தவனே பெற்றுக்கொண்டதாகவும் அதிலே ஒரு கதை கூறப்படுகின்றது. திருநாள் ஒன்றில் உப்புக் கலந்த தின்பண்டத்தை அவர்கள் உண்ண நேர்கிறது. உப்புச் சுவை பட்டதும் தம் நிலையை உணர்ந்து, எவர் தடுத்தும் நில்லாது தத்தம் புதைகுழிகளை நோக்கி நடக்கின்றனர். சீபுறூக்கின் நூல் ஆக்கிரமிப்பாளரின் வியப்பு நோக்கிலே எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் பதிவுசெய்த கதை, கூலியைப் பற்றியதும் விழிப்பைப் பற்றியதுமாகும்.

2. திரைக்கு வந்த நடைப்பிணம்

1932 இல் விக்ரர் ஹால்பரின் இயக்கத்தில் 'வைற் ஸொம்பி' வெளிவந்தது. பேலா லுகோசி மந்திரவாதியாக நடித்த இப்படத்தில், சீனி ஆலையினுள்ளே ஸொம்பிகள் இயந்திரத்தைச் சுற்றிச்சுற்றி நடக்கும் காட்சியொன்று உண்டு. ஒருவன் தவறி இயந்திரத்தினுள் விழுகிறான். மற்றவர் திரும்பிப் பார்க்கவுமில்லை, ஆலை நிற்கவுமில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அமெரிக்கத் தொழிலாளர் கண்ட காட்சி இது. ஆயினும் படத்தின் மையத் துயரம் ஆலைத் தொழிலாளருடையதன்று. ஸொம்பியாக்கப்படும் வெள்ளை மணமகள் ஒருத்தியுடையது. தலைப்பே இதனை உணர்த்தும். கறுப்பின உழைப்பாளி நடைப்பிணமாவது பின்னணிக் காட்சி. வெள்ளைப் பெண் அவ்வாறாவதே கதை. உருவம் கைமாறியபோது நேர்ந்த முதல் இழப்பு இது.

1943 இல் ஜாக் ரூர்னர் இயக்கிய 'ஐ வோக்ட் வித் எ ஸொம்பி' இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்ய முயன்றது. கற்பனைத் தீவொன்றிலுள்ள கரும்புத் தோட்டக் குடும்பமொன்றின் கதையான அதில், முன்னர் அடிமைக் கப்பலொன்றின் முகப்பை அலங்கரித்த சிற்பம் தோட்டத்து முற்றத்திலே நிற்கின்றது. தோட்டக்காரக் குடும்பத்தின் நோய்க்கும் அத்தீவின் பழைய துயரத்துக்கும் உள்ள தொடர்பை அச்சிற்பம் உரத்துப் பேசாமலே உணர்த்துகின்றது.

ஜோர்ஜ் றொமேறோ 1968 இல் வெளியிட்ட 'நைற் ஒவ் த லிவிங் டெட்' இவ்வடிவத்தை அடியோடு மாற்றியது. பிற்ஸ்பேர்க் நகரை அண்டி, ஏறத்தாழ 114,000 டொலர் செலவில் எடுக்கப்பட்ட கறுப்பு-வெள்ளைப் படம் அது. அதில் 'ஸொம்பி' என்ற சொல்லே இல்லை. மந்திரவாதியும் இல்லை, வயலும் இல்லை. இறந்தோர் காரணம் திட்டமாகத் தெரியாமலே எழுகின்றனர்; மனிதரை உண்கின்றனர். எசமான் மறைந்து, உழைப்பாளி உண்பவனாக மாறிய இடம் இதுவே.

எனினும் றொமேறோ சமூகத்தைக் கதையினின்றும் வெளியேற்றிவிடவில்லை; முற்றுகையிடப்பட்ட வீட்டினுள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டினுள் அகப்பட்டோர் ஒருவரோடொருவர் பூசலிட்டே அழிகின்றனர். எஞ்சி விடியலைக் காணும் கறுப்பின நாயகனை (டுவெயின் ஜோன்ஸ்), இறந்தோரை வேட்டையாடி வரும் ஆயுதந்தாங்கிய வெள்ளையர் குழு நடைப்பிணமெனக் கருதிச் சுட்டுவிடுகின்றது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வெளிவந்த இம்முடிவை அமெரிக்கப் பார்வையாளர் வெறும் பயங்கரக் காட்சியாகக் கொண்டிருத்தல் அரிது. நாயகனை இன நோக்கிலே தெரிவுசெய்யவில்லை என்று றொமேறோ கூறியதுண்டு. படைப்பாளியின் நோக்கத்துக்கு அப்பாலும் படைப்புத் தன் காலத்தைப் பேசும் என்பதற்கு இது சான்று.

1978 இல் அவர் எடுத்த 'டோன் ஒவ் த டெட்' கதையை மொன்றோவில் என்ற இடத்துப் பேரங்காடிக்குக் கொண்டுசென்றது. உயிரோடிருந்தபோது பழகிய தடத்திலே இறந்தோர் அங்காடியைச் சுற்றிச்சுற்றி வருகின்றனர். பொருளை உற்பத்தி செய்யும் இயந்திரத்தைச் சுற்றிய 1932 இன் நடைப்பிணம், 1978 இல் பொருளை நுகரும் இடத்தைச் சுற்றுகின்றது. ஒரு நாட்டின் பொருளியல் வரலாற்றில் அரைநூற்றாண்டு மாற்றத்தை இவ்விரு காட்சிகளும் காட்டிவிடுகின்றன.

3. சந்தையின் பெருக்கம்

இவ்வுருவம் பல்கிப் பெருகியமைக்குக் கலைக்காரணம் மாத்திரமன்றிச் சட்டக் காரணமும் உண்டு. றொமேறோவின் முதற்படம் வெளியீட்டின்போது தலைப்பு மாற்றப்பட்டது. புதிய தலைப்போடு இடம்பெற்றிருக்கவேண்டிய பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போயிற்று. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தின்படி படம் பொதுவுடைமையாயிற்று. எவரும் அதனைத் திரையிடலாம், எவரும் அதன் நடைப்பிணங்களைக் கடன்கொள்ளலாம் என்ற நிலை தோன்றியது. சிறுசெலவில் படமெடுப்போர்க்கு இதனினும் வாய்ப்பான சரக்குக் கிடைத்தற்கரிது.

1996 இல் யப்பானிய நிறுவனமான கப்கொம் 'றெசிடென்ற் ஈவில்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதன் கதையில் நோயைத் தோற்றுவித்த மருந்துக் கம்பனியொன்று உண்டெனினும், விளையாடுவோனின் கை பெரிதும் ஈடுபடுவது சுடுதலிலேயே. விளையாட்டின் இலக்கணத்துக்கு வேண்டப்படுபவன், எத்தனை முறை கொல்லப்படினும் குற்றவுணர்வை எழுப்பாத பகைவன். நடைப்பிணம் அதற்கு முற்றும் பொருந்திற்று. 2002 இல் டனி பொயில் இயக்கிய '28 டேய்ஸ் லேற்றர்' நோயுற்றோரை ஓடச்செய்தது; 2004 இல் மீள எடுக்கப்பட்ட 'டோன் ஒவ் த டெட்' இறந்தோரையும் ஓடச்செய்தது. மெல்ல நடப்பவனின் முகத்தைப் பார்க்கலாம். அவன் யாராக இருந்தான் என எண்ணலாம். விரைந்து ஓடிவரும் கூட்டத்துக்கு முகமில்லை. 2013 இல் வந்த 'வேர்ல்ட் வோர் இஸற்' படத்திலே ஜெருசலேம் மதிலின்மேல் உடல்கள் குவிந்து ஏறும் காட்சியில் மனிதர் வெள்ளமாகவே காட்டப்படுகின்றனர். எல்லையைக் கடக்க முயலும் மக்கட் கூட்டத்தைக் கண்டு செல்வந்த நாடுகள் மதில் எழுப்பிய காலத்தில், இக்காட்சி யாருடைய அச்சத்தைப் பேசிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் இவ்வடிவத்தின் தலைகீழ் மாற்றம் நிறைவெய்துகின்றது. அடிமையின் அச்சமாகத் தோன்றியது, மதிலுக்குள் இருப்போரின் அச்சமாக முடிந்தது. 'நானும் இவ்வாறு ஆக்கப்படுவேனோ' என்ற வினா, 'இவர்களை எவ்வாறு சுட்டுத் தீர்ப்பது' என்ற வினாவாயிற்று.

4. தேய்வு

2010 ஒக்ரோபரில் தொடங்கிய 'த வோக்கிங் டெட்' என்ற தொலைக்காட்சித் தொடர் இப்பெருக்கத்தின் உச்சம். 2014 இல் அதன் ஐந்தாம் பருவத்தின் முதல் அங்கத்தை ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் பேர் பார்த்தனர். 2022 நவம்பரில் 177 ஆவது அங்கத்தோடு தொடர் முடிந்தபோது ஒளிபரப்பைப் பார்த்தோர் தொகை ஏறத்தாழ 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதாகவே இருந்தது. இணையவழியாகப் பார்க்கும் வழக்கம் பரவியமை இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் எனினும், முழுக் காரணமன்று.

இத்தேய்வுக்கு இரு விளக்கங்கள் பொதுவாகக் கூறப்படும். மிகுதியாற் சலிப்பு வந்தது என்பது ஒன்று. 2020 இன் பெருந்தொற்று, கற்பனையை விஞ்சிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கம் காலக்கணக்கில் நில்லாது. தொடரின் பார்வையாளர் தொகை 2016 இன் பின்னரே, அதாவது பெருந்தொற்றுக்கு முன்னரே, சரியத் தொடங்கிவிட்டது. முதலாவது விளக்கமும் போதாது. துப்பறியும் கதைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குவிந்தும் வாசகர் அவற்றைக் கைவிடவில்லை. ஒவ்வொரு துப்பறியும் கதையிலும் 'செய்தவன் யார்' என்ற வினா புதிதாக எழுவதே அதற்குக் காரணம்.

நடைப்பிணக் கதை இழந்தது இத்தகைய வினாவையே. 'இவர்களை இவ்வாறு ஆக்கியவர் யார்' என்பது அதன் உயிர்நிலை. நீண்ட தொடரிலே இறந்தோர் மழையும் குளிரும் போல வெறும் சூழலாயினர். கதை, எஞ்சிய கூட்டங்கள் தம்முள் பொருதும் ஓயாத போராகச் சுருங்கிற்று. முடிவு வேண்டாத தொடருக்கு மாற்றமும் வேண்டாததாயிற்று. மாற்றமற்ற இடத்தில் அச்சமும் பழக்கமாகிவிடும்.

மறுதலையான சான்றுகளும் உள. 2016 இல் கொரியாவில் இயொன் சாங்-ஹோ இயக்கிய 'ட்ரெயின் ரு பூசான்' ஒரு புகையிரதத்தினுள் நிகழ்வது. நோய் கசிந்த நிறுவனம், நாயகனான நிதி முகாமையாளன் இலாபங் கருதித் தூக்கிநிறுத்திய நிறுவனமே என்பது கதையினூடே வெளிப்படுகின்றது. தப்பிவந்தோர்க்குக் கதவடைக்கத் தூண்டுபவன் கம்பனி அதிகாரி ஒருவன். 'ஆக்கியவர் யார்' என்ற வினா இங்கு மீண்டும் எழுப்பப்பட்டு, விடை நாயகனின் கையையே சுட்டுகின்றது. அதே ஆண்டு தமிழில் வெளிவந்த 'மிருதன்' இரசாயனக் கழிவினின்றும் நோய் பரவுவதாகத் தொடங்கினும், அதன் கவனம் போக்குவரத்துப் பொலிஸ்காரனான நாயகனின் காதலிலும் துப்பாக்கியிலுமே செல்கின்றது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த உதகமண்டலமே அதன் களம். பெருந்தோட்டத்தில் பிறந்த உருவம் பெருந்தோட்டப் பிரதேசமொன்றை வந்தடைந்தும், தன் பிறப்பிடத்தை அடையாளங் காணவில்லை.

வினா இருந்தால் சந்தையில் வெற்றி உறுதி என்று கொள்வதும் பிழையாகும். 2005 இல் றொமேறோ எடுத்த 'லான்ட் ஒவ் த டெட்' படத்தில், பெற்றோல் நிலையத் தொழிலாளியாயிருந்த நடைப்பிணம் ஒருவன் ஏனையோரை வழிநடத்திச் செல்வரின் மாளிகைக் கோபுரத்தை முற்றுகையிடுகின்றான். சீபுறூக் கேட்ட கதைக்கு மிக அண்மித்த படம் இது. ஆயினும் ஓராண்டு முன்னர் வந்த மீளாக்கத்தின் வருவாயிற் பாதியைத் தானும் அது ஈட்டவில்லை. சந்தை வினாவை விரும்பியதில்லை. ஆனால் வினாவற்ற வடிவத்தைச் சந்தையாலும் நெடுங்காலம் தாங்க முடியவில்லை என்பதையே பின்வந்த ஆண்டுகள் காட்டின.

2025 இல் டனி பொயில் '28 யேர்ஸ் லேற்றர்' மூலம் இவ்வடிவத்துக்கு மீண்டார். எனவே நடைப்பிணக் கதை அடியோடு மறைந்துவிட்டது எனல் பொருந்தாது. ஆயின் உருவம் மீளுவது வேறு. பொருள் மீளுவது வேறு. தன் கூலியைப் பிறன் பெற்றுக்கொள்ள, தன் பெயரையும் மறந்து உழைக்கும் மனிதன் உலகத்தினின்றும் மறைந்துவிடவில்லை. அவனை இலக்காகக் கொண்டு சுடும் கதைகள் எத்தனை வந்தாலும் அவை ஒருபோலவே அமையும். அவன் நாவில் உப்புப்பட்ட கணத்தைச் சொல்லும் கதையோ இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கின்றது.