குளம்படி கேட்ட இரவுகள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், வாரத்தில் ஓர் இரவு, செங்கத்துத் தெருக்களில் நடமாட்டம் ஓய்ந்துவிடும். கேபிள் இணைப்புப் பெற்ற வீடுகள் அப்போது தெருவுக்கு நான்கைந்துதான். கூடத்தில் குழந்தைகளும், நடையில் பெண்களும், ஜன்னலுக்கு வெளியே திண்ணையில் ஆண்களுமாக அவ்வீடுகள் நிறைந்திருக்க, சன் டிவியில் 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு' ஆரம்பமாகும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த அந்தத் தொடரை அதன் கதைக்காகவும் படப்பிடிப்புக்காகவும் புகழ்ந்தவர்கள் பலர். நான் இங்கே புகழ விரும்புவது அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை.

இதை விசித்திரமான விருப்பமென்று யாரும் எண்ண வேண்டியதில்லை. தொல்காப்பியர் நகை, அழுகை, அச்சம், மருட்கை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னார்; அந்த இயலுக்கு உரை கண்டவர்களோ, செயிற்றியம் என்னும் மறைந்துபோன நாடக நூலை எடுத்துக்காட்டி, சுவையென்பது ஆடுகிறவனிடத்தில் தொடங்கிக் காண்கிறவனிடத்தில் வந்து சேர்வது என்று வகுத்தார்கள். அப்படியானால், திண்ணையில் குந்தியிருந்தவன் மூச்சை அடக்கிக்கொண்ட அந்தக் கணமும் நாடகத்தின் அங்கமே. வீணை வாசிக்கிறவனுக்கு அப்பியாசம் வேண்டுமென்று ஒப்புக்கொள்ளும் நாம், பார்க்கிறவனுக்கும் அது வேண்டுமென்பதை ஏனோ நினைத்துப் பார்ப்பதில்லை. எங்கள் வட்டாரத்து ஜனங்களுக்கு அந்த அப்பியாசம் இருந்தது. அது தலைமுறை தலைமுறையாக வந்தது.

கதை நடப்பது தோட்டக்காரமங்கலம் என்னும் கிராமத்தில். அங்கே தவறு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோக, குதிரையேறி வந்து தண்டிப்பது காவல் தெய்வமாகிய கருப்புதான் என்று ஊர் நம்புகிறது. கருப்பு பாண்டி நாட்டுப் பக்கத்தில் பெருவழக்காக உள்ள சாமி. ஆயினும் எங்கள் ஊரார் அதை அந்நியமாக எண்ணவில்லை. செங்கத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் புளியமரத்தடியிலோ ஏரிக்கரையிலோ வேடியப்பன் இருக்கிறார். அவருக்கு நேர்ந்து விட்ட மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஆகையால், திரையில் குளம்படி ஓசை எழுந்ததும் அவர்கள் கண்டது தங்கள் ஏரிக்கரையைத்தான். ஒரு கலைப்படைப்பை இவ்விதம் தன் மண்ணுக்கு மாற்றிக்கொள்ளத் தெரிந்த பார்வையாளன் பாதி ஆசிரியனாகிவிடுகிறான்.

மறுநாள் காலையில் சம்பாஷணை தொடங்கும். விதைக்கு மல்லாட்டை உரிக்கும் பெண்கள், கை ஒரு கணமும் நிற்காமல், கதையில் வரும் ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். யார் கேட்ட கேள்விக்கு யார் பார்வையைத் தாழ்த்தினார்கள், எந்த வேலைக்காரன் அவசியமில்லாமல் வாசலில் நின்றான் என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை. சாமிதான் என்று ஒரு கட்சி. சாமியின் வேஷத்தில் ஆசாமி என்று மறுகட்சி. எங்கள் தெருவில் முன்பு ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவர் இருந்தார். அவர் இரண்டு கட்சியிலும் சேராமல், "குதிரை மிரளல பாருங்க. ஏறினவன் வாசனை அதுக்குப் பழக்கம். அந்த ஊட்டு மனுசன்தான்" என்றார். ஆயுள் முழுவதும் குதிரையோடு வாழ்ந்தவர் ஒருவரின் ஞானம், கொலைக்கதையொன்றின் முடிச்சைத் தொட்ட அந்த இடத்தை எண்ணும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும் இத்தகைய ஒரு வாக்கியம் அவர்களுக்கு வாய்ப்பது அரிது.

இந்த விசாரணையெல்லாம் நடப்பதற்கு இடம் கொடுத்தது நடுவிலே இருந்த ஏழு நாள். மலையிலிருந்து சாமையும் தேனும் கடுக்காயும் கொண்டு சந்தைக்கு இறங்கும் ஜவ்வாது மலைக்காரர்கள், கடைக்காரரிடம் சென்ற வாரத்துக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போவார்கள். அந்தக் கதை எத்தனை புதிய திருப்பங்களோடு மலையேறியிருக்கும் என்பதை யாரறிவார்! காத்திருப்பதன் ருசி தமிழ் வாசகனுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானதுதான். இதே மாவட்டத்து ஆரணியின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய குப்புசாமி முதலியார், 'ஆனந்தபோதினி' நாட்களிலேயே துப்பறியும் கதைகளால் ஜனங்களைக் கட்டிப்போட்டவர். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை கானன் டாயில் அருவியில் தள்ளி முடித்துவிட்டபோது லண்டன் வாசகர்கள் கொதித்தெழுந்ததும், அடுத்த இதழுக்காகக் காத்துக் காத்து அவனைத் தங்கள் சுற்றத்தானாகவே ஆக்கிக்கொண்டிருந்ததால்தான். 2022இல் வெளியான 'சுழல்' என்னும் இணையத் தொடர் நம் பக்கத்து மயானக் கொள்ளைத் திருவிழாவையே கதையின் முதுகெலும்பாக வைத்துக்கொண்ட உயர்ந்த படைப்பு. அங்காளம்மன் வேஷங்களின் உக்கிரத்தை அதைப்போல் திரையில் நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டன. அவரவர் கைப்பேசியில் அவரவர் ஒரே இரவில் பார்த்து முடித்தார்கள். மல்லாட்டை உரிக்கிற இடத்தில் பேச அதில் மிச்சமொன்றும் இருக்கவில்லை.

முடிவு தெரியாத கதைக்குக் காத்திருக்கும் இதே ஜனங்கள்தான், முடிவு தெரிந்த கதைக்கும் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கள் நகர்ந்து, கடைசியில் படுகளம் வரும். களத்து மண்ணில் பெரிய உருவமாகத் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் சாகப்போவது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கூந்தலை முடியப்போகும் திரௌபதியின் பக்கம் நின்று, பல இரவுகளாக அவனைச் சபித்துவந்த அதே கூட்டம், அவன் தாயும் மனைவியும் வந்து ஒப்பாரி வைக்கையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். வெகுளியில் ஆரம்பித்து அழுகையில் போய் முடிகிற இந்தப் பிரயாணம் ஏட்டில் படித்து வருவதன்று. வருஷா வருஷம் மண்ணில் உட்கார்ந்து பெறுவது.

அப்படிப் பழகிய கண்களுக்கு முன்னால்தான் 'விடாது கருப்பு' தன் முடிச்சை அவிழ்த்தது. ஒரு சிறுவனின் கதையும் ஒரு பெரியவனின் கதையும் பக்கம் பக்கமாக ஓடி வந்தன. அவை இரு வேறு காலங்கள் என்பதும், அந்தச் சிறுவனே இந்தப் பெரியவன் என்பதும், பாட்டியின் கொடுமையில் பிளந்துபோன மனத்தின் ஒரு பாதியே தானறியாமல் கருப்பாகக் குதிரையேறியது என்பதும் அப்போது வெளிப்பட்டன. சேத்தன் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்தார். சாதாரணமாக இத்தகைய கதைகளில் திரை விலகும்போது பார்ப்பவரிடத்தில் எழுவது வியப்பு. "நான் அன்றே சொன்னேனே" என்னும் பெருமிதம். அவ்விரவு எங்கள் கூடத்தில் அதை எதிர்பார்த்து, இரண்டு கட்சிகளின் வாக்குவாதத்துக்கும் ஆயத்தமாக நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் பேசவில்லை. சரியாகக் கணித்திருந்த ஜட்கா முதியவர்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெள்ள எழுந்து போனார். விளம்பரம் ஓடத் தொடங்கியும் எவரும் அசையாத அந்த நிசப்தத்தை, நான் கேட்ட எந்தச் சபையின் கரகோஷத்துக்கும் மேலாக வைப்பேன். ஏனெனில், தேடிய குற்றவாளி கையில் அகப்பட்ட கணத்தில், அவனைத் தேடிய ஆவலே அவர்களிடத்தில் வெட்கமாக மாறிவிட்டது.

மறுநாள் மல்லாட்டைக் குவியலைச் சுற்றியும் வெகுநேரம் மௌனம். பிறகு, கொலைகாரனை வாரந்தோறும் மண்ணை வாரித் தூற்றி வந்த கிழவி ஒருத்தி, உரித்த தோலைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "இன்னாடி, அம்மாம் பெரிய ஊரு இருந்துச்சி. அந்தப் புள்ளைக்குன்னு ஒரு நாயாச்சும் தொணைக்கு இருந்துச்சா?"

அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகத்தை அவள் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிற்காலத்தில் நான் புரட்டியபோது, எங்கள் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லுக்கு வந்ததும், அவள் குரல்தான் காதில் விழுந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் காலத்துக் கல் அது. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டுக் கருந்தேவக்கத்தி என்பவன் மடிந்தான். அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அவனுக்குக் காவலாக நின்றது. ஊரார் கல் நட்டார்கள். குற்றம் நடந்த இடத்தில், குற்றத்தைக் கண்டவர்கள் எழுதிவைத்த சாட்சியம் இது. கள்ளர் இருவர் யார், என்ன பெயர் என்பதை அவர்கள் அதில் பொறிக்கவில்லை. வீரனின் உருவத்துக்குப் பின்னால் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதியிருக்கிறார்கள்.