ஐவாஷ்: யாருடைய கண்?

'ஐவாஷ்' என்கிற ஆங்கிலச் சொல் ஆங்கிலம் தெரியாதவர் வாயிலும் புழங்குகிறது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வெளியே வருகிற ஆள், "எல்லாம் ஐவாஷ்பா, ஒண்ணும் நடக்காது" என்கிறார். பத்திரிகைத் தமிழ் அதையே 'கண்துடைப்பு' என்று எழுதுகிறது. விசாரணைக் கமிஷன் போட்டால் கண்துடைப்பு, சமாதானக் கூட்டம் போட்டால் கண்துடைப்பு, சுதந்திர தினத்தன்று கோயிலில் சமபந்தி விருந்து நடத்தினாலும் கண்துடைப்பு. இப்படி ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு போய்விடலாமா என்பதுதான் எனக்குள்ள சந்தேகம்.

நேர்ப்பொருளில் ஐவாஷ் என்றால் கண்ணைக் கழுவுகிற மருந்துத் தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பித்தலாட்டம், ஏமாற்று என்ற கொச்சைப் பொருள் அதற்கு வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் பட்டாளப் பேச்சில் இதற்கு ஒரு தனிப் புழக்கம் உண்டு. மேலதிகாரி பரிசோதனைக்கு வருகிற நாளில் சுண்ணாம்பு அடிப்பது, பித்தளையைத் தேய்த்து மினுக்குவது, குப்பையைப் பின்பக்கம் தள்ளுவது எல்லாம் ஐவாஷ். அங்கே கழுவப்படுவது மேலே இருக்கிறவனுடைய கண். கீழே இருக்கிற சிப்பாய் சேர்ந்து கழுவுகிறான். அவன் ஏமாறவில்லை.

தமிழில் 'கண்துடைப்பு' என்று வரும்போது கண் இடம் மாறிவிடுகிறது. துடைக்கப்படுவது அழுகிறவனுடைய கண். கண்ணீரைத் துடைப்பது ஆறுதல். ஆறுதல் போலக் காட்டி ஆளை அனுப்பிவைப்பது கண்துடைப்பு. இரண்டு சொல்லையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இந்தக் குழப்பத்துக்குள்ளே ஒரு கேள்வி அமுங்கிப்போகிறது: இங்கே உண்மையில் ஏமாறுகிறவர் யார்?

டீக்கடையைப் பாருங்கள். இரட்டைக் குவளை இருக்கிற ஊருக்கு அதிகாரி வருகிறார் என்றால் அன்றைக்கு ஒரு நாள் எல்லாக் கிளாசும் ஒரே கிளாசாகிவிடும். அவர் ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியதும் பழைய கிளாஸ் பழைய இடத்துக்கு வந்துவிடும். புகார் கூடினால் நம்ம சனங்களுக்கு மட்டும் தூக்கிப்போடுகிற கப். 'நாங்க எங்கே தனிக் குவளை வெச்சிருக்கோம்?' என்று கடைக்காரர் கேட்கலாம். சட்டப்படி பார்த்தால் பதில் சொல்வதுகூடச் சிரமம். ஆனால் அந்த ஊரில் யாருக்காவது இது தெரியாதா? கடைக்காரருக்குத் தெரியும், குடிக்கிறவருக்குத் தெரியும், பெரும்பாலும் அதிகாரிக்கும் தெரியும். ஏமாற்றப்பட்டவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாது. ஏமாற வேண்டியது ஃபைல் ஒன்றுதான். அதற்குக் கண் கிடையாது, கையெழுத்து இருந்தால் போதும்.

இதன் முழு உருவத்தையும் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் நாடே பார்த்தது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தபின் 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு தடவை மனுவே விழாது. இன்னொரு தடவை ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஒரு தலித்தை நிறுத்துவார்கள். அவர் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். வேட்புமனு, பரிசீலனை, சின்னம், வாக்குப்பெட்டி, வெற்றிச் சான்றிதழ், ராஜினாமா, காலியிட அறிவிப்பு எல்லாம் முறைப்படி நடந்தன, தலைவர் மட்டும் இல்லை. பத்து வருஷம் இப்படியே ஓடியது.

பத்திரிகைகள் இதைக் கண்துடைப்புத் தேர்தல் என்றன. ராஜினாமா செய்தவரை 'டம்மி' என்றன. எனக்கு இந்த இரண்டாவது சொல்தான் அதிகமாக உறுத்துகிறது. ஐவாஷ் என்று சொன்னால் பழி ஏற்பாட்டின் மேல் விழுகிறது, டம்மி என்று சொன்னால் ஆள் மேல் விழுகிறது. ஆங்கிலத்தில் 'டம்மி' ஊமை என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் வாய் பேசாத ஆளைக் குறித்து, பிறகுதான் பொம்மைக்கும் போலிக்கும் ஆனது. அந்த மூலப் பொருளை நாம் மறக்கக் கூடாது. ராஜினாமாக் கடிதத்தில் கைவைத்தவருக்கு மறுநாள் யார் வயலில் வேலை, யார் கடையில் அரிசி, எந்தப் பாதையில் நடை? வாயைக் கட்டிப்போட்டுவிட்டு 'ஊமை, ஊமை' என்று கைகொட்டுவது என்ன விமர்சனம்?

டம்மியாக இருக்க மறுத்தவருக்கு என்ன நடந்தது என்பதையும் இதே காலத்தில் பார்த்தோம். மேலவளவில் 1996இல் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுபடி போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். அவர் ராஜினாமா எழுதவில்லை. 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரோடு ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மதுரையிலிருந்து பக்கம்தான் மேலவளவு. ராஜினாமாக் கடிதங்களைப் படிக்கிறவர்கள் இந்தச் சேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

2006 அக்டோபரில் பாப்பாபட்டியிலும் மற்ற ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். சட்டம் பழைய சட்டம்தான். நிர்வாகம் இந்தத் தடவை ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசியது. இயக்கங்கள் பத்து வருஷமாகக் கத்திய கத்தலும் பின்னால் இருந்தது. முதலிலேயே 'எல்லாம் ஐவாஷ்' என்று ஒதுங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

நாற்காலி கிடைத்தவர்களுக்கும் சங்கடம் தீர்ந்துவிடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிற படம் வெளியே வந்தது. மற்றவர்களுக்கு நாற்காலி. பதவி என்ற தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே பழைய ஊரை நடத்துகிற வேலை அது. அதைக் கலைக்க ஒரு செல்போன் போட்டோ போதுமாக இருந்தது.

அதே 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணை ஆகஸ்டு 15 அன்று கொடியேற்ற விடவில்லை. விஷயம் பெரிதாகி, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். தேதி தாண்டி ஏற்றிய கொடி, கேமராவுக்காக ஏற்றிய கொடி, இதுவும் ஐவாஷ்தானே என்று நம்மில் சிலரே கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் ஆகஸ்டு 15 காலையில் அவரைத் தடுத்தவர்களுக்கு அது வெறும் தோற்றமாகப் படவில்லை. பட்டிருந்தால் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள்.